மூணாப்பில் ஆறு ஓடிய வருஷம்

தாழம்புலத்தில் யாரிடமாவது வயசைக் கேட்டால் இன்றைக்கும் பிறந்த தேதியைச் சொல்லமாட்டார்கள். மூணாப்பில் ஆறு ஓடிய வருஷம் தனக்குக் கல்யாணமாகி முதல் ஆடி என்றோ, அப்போது தான் அம்மா வயிற்றில் ஏழு மாசம் என்றோ, ஆறு வந்தபோது தான் ரெண்டாப்பு, ஒரே ஒரு வருஷத்தில் தவறிப்போனது என்று இன்னும் தீராத மனத்தாங்கலோடோதான் சொல்வார்கள். எந்த ஆறு என்று வெளியூர்க்காரர்கள் கேட்டால், ஆடிப்பெருக்கு ஆறுதான் என்பார்கள், அதற்குமேல் அதில் விளக்க ஒன்றுமே இல்லை என்பதுபோல.

மேட்டூரில் கிளம்புகிற தண்ணீர் கல்லணையில் பிரிந்து, பிரிந்த கிளையில் இன்னொரு கிளை பிரிந்து, ஊர் ஊராக, வயல் வயலாக, குளம் குளமாக அள்ளிக் கொடுத்துக்கொண்டே வந்து, கடைசியில் கையில் ஏதாவது மிச்சமிருந்தால் மட்டும் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற ஊர் தாழம்புலம். கடைமடை என்பார்கள். அதற்கு அந்தப் பக்கம் உப்பளம், உப்பளத்துக்கு அந்தப் பக்கம் கடல். ஆடி பதினெட்டில் மேலூர்களில் எல்லாம் செக்கச்செவேலென்று புதுத்தண்ணீர் படித்துறையை முட்டிக்கொண்டு போகும்போது, தாழம்புலத்து வாய்க்கால் வெடித்துக் கிடக்கும், அதன் நடுவில் ஆடுகள் படுத்து அசைபோடும். பெண்கள் தெருமுனை அடிபம்பில் ஒரு குடம் பிடித்து, அதற்கு ஒரு பொட்டு வைத்து, கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். பிள்ளைகளுக்கு அது பள்ளிக்கூடம் லீவு விடுகிற ஒரு நாள், அவ்வளவுதான். அந்த வருஷமோ ஆடி பிறந்தும் மேட்டூரையே திறக்கவில்லை.

அப்படிப்பட்ட ஊரின் தொடக்கப் பள்ளிக்கு மூன்றாம் வகுப்பு டீச்சராக மாற்றலாகி வந்தவள் மங்கையர்க்கரசி. பிறந்தது திருவையாற்றுப் பக்கம், ஆற்றங்கரைத் தெரு. வந்த புதிதில், ரெண்டு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு ஊர்ப்பக்கமே போய்விடலாம் என்றுதான் நினைத்தாள். அப்புறம் இங்கேயே உப்புக் கம்பெனி லாரி ஓட்டுகிற வைத்திலிங்கத்தைக் கட்டிக்கொண்டாள், அப்பா போனார், ஆற்றங்கரை வீடு கைமாறியது, கூடப்பிறந்த அக்கா ஞானாம்பாள் புருஷனோடு நாக்பூர் பக்கம் போய், வருஷத்துக்கு ஒருமுறை பேசுகிறவளாக ஆனாள். போவதற்கு ஊரில் ஒன்றுமில்லை என்று ஆனபிறகுதான் டீச்சருக்கு அந்த ஊர் அதிகமாக ஞாபகம் வரத் தொடங்கியது.

அடுத்த வாரம் ஆடிப்பெருக்கு, பள்ளிக்கூடம் லீவு என்று அவள் வகுப்பில் சொன்னபோது எல்லாரும் ஓவென்று கத்தினார்கள். வேம்பு மட்டும் கத்தவில்லை. வேம்பு எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் விடமாட்டாள்.

“டீச்சர், ஆடிப்பெருக்குன்னா எது பெருகுது?”

“ஆறு பெருகும்மா.”

“எந்த ஆறு?”

“காவேரி.”

“அது எங்க இருக்கு?”

டீச்சர் ஜன்னல் வழியே கை நீட்டினாள். அங்கே வாய்க்கால் இருந்தது, அதில் ஆடுகள் இருந்தன. வேம்பு அதை எட்டிப் பார்த்துவிட்டு, டீச்சர் முகத்தையும் பார்த்துவிட்டு, மேற்கொண்டு எதுவும் கேட்காமல் உட்கார்ந்துவிட்டாள். அவள் கேட்காமல் விட்டதுதான் டீச்சருக்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் டீச்சர், ஆளுக்கொரு அட்டைப்பெட்டியும் பழைய ரப்பர் செருப்பும் கொண்டுவரச் சொன்னாள். செருப்பை வட்டமாக வெட்டினால் சக்கரம், விளக்குமாற்றுக் குச்சி அச்சு, மைதா மாவைக் காய்ச்சினால் பசை, கலர் தாள், கொஞ்சம் ஜிகினா. திருவையாற்றில் பிள்ளைகள் ஆடிப்பெருக்கு அன்றைக்கு இழுத்துக்கொண்டு ஆற்றுக்கு ஓடுவார்களே அந்தச் சின்னச் சப்பரத்தை, மூணாப்புத் தரையில் முட்டிபோட்டு உட்கார்ந்து, தானும் ஒரு பிள்ளையாக அவள் செய்துகாட்டினாள். ஜமீலா செய்தது மட்டும் குறுகி உயரமாக, மேலே குமிழோடு இருந்தது. “நாகூர்ல சந்தனக்கூடு வருமே டீச்சர், அதுவும் இழுக்கிறதுதானே?” என்றாள். இழுக்கிறதுதான் என்று டீச்சர் ஒத்துக்கொண்டாள். வேம்புவும் இளஞ்சேரனும் சேர்ந்து ஒரே சப்பரமாகச் செய்தார்கள், ஏனென்றால் வேம்புவிடம் நல்ல பெட்டி இருந்தது, இளஞ்சேரனிடம் இன்னும் தேயாத செருப்பு இருந்தது.

தலைமையாசிரியர் ஜெபமாலை சார் வாசலில் வந்து நின்று பார்த்தார்.

“இது கணக்குப் பீரியடுல்ல டீச்சர்?”

“சூழ்நிலையியல்னு வச்சுக்குங்க சார்.”

“சக்கரம் வட்டமாத்தானே இருக்கு, கணக்குன்னே வச்சுக்கலாம்” என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

லீவுக்கு முந்தின நாள் மத்தியானம், சத்துணவு சாப்பிட்டு முடித்தபிறகு, டீச்சர் வகுப்பைப் பெருக்கச் சொன்னாள். நீல சாக்பீஸை எடுத்துக் கரும்பலகைக்குக் கீழே தொடங்கி, தரையோடு தரையாக, வளைத்து வளைத்து, பின்சுவர் வரைக்கும் ரெண்டு கரை வரைந்தாள். இந்தப் பக்கம் படித்துறை. இங்கே பெண்கள் விளக்கேற்றி வைப்பார்கள், இங்கே காதோலை கருகமணி விடுவார்கள், இங்கே புதுப்பெண்கள் மஞ்சள் கயிறு மாற்றிக்கொள்வார்கள், இங்கே எங்கள் அக்கா என் சப்பரத்தை முந்திவிடுவாள், முந்திவிட்டுத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பாள் என்று அவள் சொல்லிக்கொண்டே போக, பிள்ளைகள் சுவரோரமாகச் சப்பரங்களை இழுத்துக்கொண்டு, தாங்களே கட்டிய பாட்டைக் கத்திக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தார்கள்.

“சப்பரம் வருது வழிவிடு, தண்ணி வருது தள்ளி நில்லு!”

முதலில் பார்த்தது ஜமீலாதான். “டீச்சர், என் சக்கரம் நனையுது” என்றாள், மை கொட்டிவிட்டது என்று சொல்கிற அதே குரலில்.

கரும்பலகைக்கு அடியிலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது. தெளிந்த தண்ணீர் இல்லை, செம்மண் கரைந்த புதுத்தண்ணீர். முன்னால் நுரையைத் தள்ளிக்கொண்டு, சருகும் பூவும் சுமந்துகொண்டு, சாக்பீஸ் போட்ட வழியிலேயே வளைய வேண்டிய இடத்தில் வளைந்து, அகல வேண்டிய இடத்தில் அகன்று, பிள்ளைகளின் கணுக்கால் அளவுக்கு ஏறி, பின்சுவருக்குள் அப்படியே போய்க்கொண்டிருந்தது. பிள்ளைகள் ஒரு கணம் நின்று பார்த்தார்கள். பிறகு, ஆற்றங்கரையில் பிறந்த பிள்ளைகள் செய்வதையே செய்தார்கள், இறங்கிவிட்டார்கள். டீச்சருக்குக் கண் மறைத்தது. அந்தத் தண்ணீரின் வாசனை அவளுக்குத் தெரியும். பச்சை மண்ணும் நசுங்கிய வெற்றிலையும் கலந்த அந்த வாசனையை அவள் வேறெந்த ஊரிலும் முகர்ந்ததில்லை.

கூச்சல் கேட்டு ஜெபமாலை சார் வந்தார். வாசலில் நின்று, ஆற்றை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒருமுறை பார்த்தார்.

“டீச்சர், பையெல்லாம் அலமாரி மேல ஏத்தச் சொல்லுங்க. புத்தகம் நனைஞ்சா இந்த வருஷத்துக்கு வேற கிடைக்காது.” சொல்லிவிட்டு ஆற்றை இன்னொருமுறை பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றி வராந்தாவில் விட்டுவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டினார்.

மறுநாள் லீவு என்றாலும் பள்ளிக்கூடம் திறந்திருந்தது. சத்துணவு சமைக்கிற அஞ்சம்மாள் முதல் நாள் சாயங்காலமே ஊர் முழுக்கச் சொல்லியிருந்தாள். சொன்னதும் பெரிய அதிசயமாக இல்லை, சாம்பார் அண்டா கழுவ இனிமேல் பம்படிக்குப் போக வேண்டாம் என்றுதான் சொன்னாள். விடிந்தும் விடியாததுமாகப் பெண்கள் தட்டோடு வந்துவிட்டார்கள். காப்பரிசி ஊறவைத்துக்கொண்டு வந்தார்கள், விளாம்பழம் கொண்டுவந்தார்கள், பெட்டிக்கு அடியில் எப்போதோ வாங்கிப் போட்டு மறந்த கருகமணியைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தார்கள். புதுப்பெண்கள் மணைப்பலகையில் உட்கார்ந்து, காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு, கழுத்துக் கயிறு மாற்றிக்கொண்டார்கள். ஆண்கள் வராந்தாவில் நின்று கையை நீட்ட, ஜன்னல் கம்பி வழியாக அவர்கள் மணிக்கட்டில் மஞ்சள் நூல் கட்டினார்கள். தண்ணீரில் எங்கிருந்தோ பூக்கள் வந்துகொண்டே இருந்தன. இது கும்பகோணத்து அரளி, இது மாயவரத்துச் செவ்வந்தி என்று ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்து, சரியாகத்தான் சொல்கிறோம் என்ற நிச்சயத்தோடு சொல்லிக்கொண்டார்கள்.

பெருக்கு முடிந்தபிறகும் ஆறு போகவில்லை. மணைப்பலகைகளுக்கு அடியில் செங்கல் கொடுத்து உயர்த்தி, காலைத் தண்ணீரில் தொங்கவிட்டுக்கொண்டு பிள்ளைகள் வாய்ப்பாடு சொன்னார்கள். எட்டாம் வாய்ப்பாடு தண்ணீரில் சொல்லும்போது சுலபமாக வருகிறது என்று இளஞ்சேரன் கண்டுபிடித்தான். கல்வி அலுவலர் ஒருமுறை பார்வையிட வந்தார். ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு வகுப்புக்குள் நடந்து, சில பிள்ளைகளின் கையெழுத்து சரியில்லை, ‘ற’வுக்கு வால் நீளுகிறது என்று சொல்லிவிட்டு, கிளம்பும் முன் ஜன்னலோரமாக நின்று காலை ரொம்ப நேரம் அலசிக்கொண்டிருந்தார்.

பஞ்சாயத்துத் தலைவர் சிங்காரவடிவேலு உள்ளங்கை அகலத்து வயலைக் கூடக் காயவிடக் கூடாது என்று நினைக்கிறவர். அவர் ஆள்விட்டுப் பின்சுவருக்கு வெளியே தோண்டிப் பார்த்தார். புழுதிதான் வந்தது. டீசல் எஞ்சின் கொண்டுவந்து குழாயை வகுப்புக்குள் விட்டுப் பார்த்தார், எஞ்சின் இருமியதே தவிர இறைக்கவில்லை. குடத்தில் மொண்டு தலையில் வைத்துக்கொண்டு வாசற்படி தாண்டினால் குடம் லேசாகிவிடும். இறக்கிப் பார்த்தால் அடியில் கொஞ்சம் நீலத் தூள் கிடக்கும். மூணாப்பை விட்டு வெளியே வர அந்த ஆற்றுக்கு இஷ்டமில்லை என்று ஊர் புரிந்துகொண்டது. புரிந்துகொண்டபிறகு, ஆறு வெளியே வராவிட்டால் நாம் உள்ளே போவோம் என்று முடிவு செய்தது.

அங்கேதான் தொந்தரவு வந்தது. குளிக்க, துவைக்க, கும்பிட, சும்மா காலை நனைத்துக்கொண்டு ஊர்க்கதை பேச என்று பெரியவர்கள் காலையிலிருந்தே வகுப்பில் நிறைந்தார்கள். பிள்ளைகள் முதலில் ஓரத்துக்குத் தள்ளப்பட்டு, அப்புறம் வராந்தாவுக்கு வந்து, கடைசியில் வேப்பமரத்தடியில் காய்ந்த மண்ணில் உட்கார்ந்து படித்தார்கள். உள்ளே, கரும்பலகைப் பக்கம் மேலத்தெருக்காரர்கள் நின்றார்கள். காலனிக்காரர்கள் பின்சுவர்ப் பக்கம் நிற்க வேண்டும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் அவர்கள் அங்கேதான் நின்றார்கள். காலங்காலமாக மேலூர்க்காரர்கள் விட்ட மிச்சத்துக்குக் காத்திருந்த ஊர், தனக்கென்று ஒரு முழ ஆறு கிடைத்ததும் அதற்குள் ஒரு மேல்தலையும் ஒரு கடைமடையும் உண்டாக்கிவிட்டது.

ஒருநாள் வேம்புவும் இளஞ்சேரனும் ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே நுழைந்து உள்ளே இறங்கி, கரும்பலகைக்கு அடியில் சப்பரத்தை விட்டு, பின்சுவரில் அது முட்டும் முன்னே ஓடிப்போய்ப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். வேம்புவின் அப்பா பக்கிரிசாமி, ஆறடிக்கு மேல் வளர்ந்த மனுஷன், அப்போது அங்கே குளித்துக்கொண்டிருந்தார். அவர் சத்தம் போடவில்லை. “தம்பி, நீ அந்தப் பக்கம் போய் விளையாடு” என்று மட்டும் சொன்னார். இளஞ்சேரன் சப்பரத்தின் கயிற்றை வேம்பு கையில் கொடுத்துவிட்டு, பின்சுவர்ப் பக்கம் போய், அவன் அம்மா தைலம்மையின் பக்கத்தில் நின்றுகொண்டான். தைலம்மை பிழிந்துகொண்டிருந்த துணியைப் பிழிந்துகொண்டே இருந்தாள், அதில் தண்ணீர் தீர்ந்தபிறகும்.

மரத்தடியிலிருந்து மங்கை டீச்சர் இதைப் பார்த்தாள். தினமும் சாயங்காலம் எல்லாரும் போனபிறகு, பூட்டுகிற சாக்கில் அவள் தனியாக உட்கார்ந்து, தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு, கண்ணை மூடினால் உள்ளங்காலில் பாசி பிடித்த படிக்கட்டுத் தட்டுப்படுகிற சுகத்தை யாரிடமும் சொல்லாமல் அனுபவித்துக்கொண்டுதான் இருந்தாள். என் ஆறு என்றுதான் அவளும் நினைத்திருந்தாள். அதனால் அன்றைக்கு வந்த கோபத்தில் எவ்வளவு பிள்ளைகளுக்காக, எவ்வளவு தனக்காக என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரிந்திருக்காது. விறுவிறுவென்று போய்த் தண்டவாள மணியை அடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தாள். வகுப்பு வாசலில் வந்து நின்றாள்.

“எல்லாரும் வெளிய வாங்க.”

“என்னாங்க டீச்சரம்மா?” என்றார் தலைவர், சோப்பு நுரையோடு.

“இது மூணாம் வகுப்பு. மூணாம் வகுப்புல படிக்கிறவங்கதான் உள்ள இருக்கலாம். வேற யாராச்சும் உள்ள வரணும்னா, மூணாம் வகுப்பு மாதிரி வரணும். மணியடிச்சா வரிசை. உயரப்படி. குள்ளமா இருக்கிறவங்க முன்னால, உயரமா இருக்கிறவங்க பின்னால. பிள்ளைகளோட பிள்ளையா உக்காரணும். இஷ்டமில்லாதவங்க பம்படிக்குப் போகலாம்.”

ஊர் ஜெபமாலை சாரைப் பார்த்தது. அவர் மேல் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “பள்ளிக்கூட விதி அதுதானுங்களே” என்றார். அப்படி ஒரு விதி இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் அவர்களில் பாதிப் பேர் அதே வகுப்பில், அதே வரிசையில் நின்றவர்கள். கொஞ்சம் முணுமுணுப்புக்குப் பிறகு, தலைவர் சிங்காரவடிவேலுதான் முதலில் வந்தார். பெரியவர்களில் அவர்தான் குள்ளம். சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜமீலா அவருக்கு இடம்விட்டாள். அவருக்குப் பின்னால் அஞ்சம்மாள், அஞ்சம்மாளுக்குப் பின்னால் தைலம்மை, தைலம்மையை ஒட்டி மேலத்தெருப் பெரிய வீட்டு மருமகள், ஒரு விரக்கடை வித்தியாசத்தில். இருவரும் முதுகோடு முதுகு ஒட்டி நின்று உயரம் பார்த்தபோது, கூச்சத்தில் ரெண்டு பேருக்குமே சிரிப்பு வந்துவிட்டது.

பக்கிரிசாமி வரவில்லை. வேம்புவின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். மறுநாளிலிருந்து அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை.

அந்த நாள்களைப் பற்றித்தான் தாழம்புலத்துக்காரர்கள் இன்றைக்கும் குரல் மாறிப் பேசுகிறார்கள். காலையில் வயலில் வேலை இல்லாதவர்கள் எல்லாம் மூணாப்பில் உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் பேர் கூப்பிட்டால், மீசை நரைத்தவர்கள் “உள்ளேன் டீச்சர்” என்றார்கள். பாதியில் படிப்பை விட்டவர்கள், விட்ட இடத்திலிருந்து வாய்ப்பாட்டைப் பிடித்துக்கொண்டார்கள். மத்தியானத்தில் பாடம் நின்று பண்டிகைகள் நடந்தன. தைலம்மை பொங்கலுக்குத் தங்கள் தெருவில் ஆடும் கும்மியைத் தண்ணீருக்குள் அடித்துக்காட்டினாள், ஒவ்வொரு அடிக்கும் தண்ணீர் தெறித்தது. தலைவர் உறியடிக்கக் கண்ணைக் கட்டிக்கொண்டு, கரும்பலகையை அடித்தார். ஜமீலாவின் அம்மா பிறை பார்க்கிற இரவில் பிள்ளைகள் ஓடுகிற ஓட்டத்தை நடித்துக்காட்ட, ஜெபமாலை சார் கிறிஸ்துமஸ் குடிலுக்குக் களிமண் ஆடு செய்யக் கற்றுக்கொடுத்தார். அவருடைய ஆடுகள் எல்லாம் பன்றி மாதிரி இருந்தன. லீவு நாள்கள் என்று வீட்டோடு இருந்துவிட்ட நாள்கள் எல்லாம், ஒவ்வொன்றாகப் பள்ளிக்கூடத்தைப் பார்க்க வந்ததுபோல இருந்தது.

ஆனால் பேர் கூப்பிடும்போது, வேம்பு என்று சொல்லி நிறுத்துகிற இடத்தில் ஆற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. இளஞ்சேரன் கும்மிக்கும் வரவில்லை, உறியடிக்கும் வரவில்லை. வேம்பு விட்டுவிட்டுப் போன சப்பரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ஒரு சாயங்காலம் டீச்சர் கதவைப் பூட்டிவிட்டுப் பக்கிரிசாமி வீட்டுக்குப் போனாள். அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார், எழுந்துகொண்டார். அவர் மனைவி பாயை விரித்துத் தண்ணீர் கொடுத்தாள். வேம்பு கதவுக்குப் பின்னால் நின்றாள், அவள் கட்டைவிரல் மட்டும் வெளியே தெரிந்தது.

“புள்ளைய அனுப்புங்க.”

“அனுப்ப மாட்டேன் டீச்சரம்மா. ஊரு முன்னால என்னைய வெளிய வான்னுட்டிங்க.”

“எல்லாரையும்தான் சொன்னேன்.”

“என்னையத்தான் பாத்துச் சொன்னிங்க.”

டீச்சர் இல்லை என்று சொல்லவில்லை. “ஆமா. உங்களப் பாத்துத்தான் சொன்னேன்” என்றாள். “அந்தப் பையன் உங்க பொண்ணு கையில கயித்தக் கொடுத்துட்டுப் போனானே, அத நீங்களும் பாத்திங்கல்ல?”

பக்கிரிசாமி வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார். வேறு எதையோ பேசுகிறவர்போலச் சொன்னார். “நானும் அதே மூணாப்புதான் படிச்சேன். அப்பவே நெட்டையா இருப்பேன். கடைசிலதான் நிறுத்துவாங்க. கரும்பலகை தெரியாது. எம் பக்கத்துல நின்னவன் படிச்சுப் படிச்சுச் சொல்லுவான், அதக் கேட்டுத்தான் எழுதுவேன்.” அந்தப் பக்கத்துப் பையன் யார் என்று அவர் சொல்லவில்லை. டீச்சரும் கேட்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

அவர் வந்தது அதற்குப் பிறகு பல நாள் கழித்து, எல்லாரும் உட்கார்ந்து பாதிப் பாடம் நடந்துகொண்டிருந்தபோது. வேம்பு அவருக்கு முன்னால் உள்ளே ஓடி, தண்ணீரைத் தெறிக்கவிட்டுக்கொண்டு இளஞ்சேரனிடம் போனாள். “சக்கரம் கழண்டிருக்கு, பாக்கலியா நீ?” என்று அதட்டினாள். அதற்காகவே இத்தனை நாள் காத்திருந்ததுபோல அவனும், “நீதான் பசை சரியாப் போடல” என்றான். பக்கிரிசாமி வாசற்படியில் நின்றார். முன்வரிசையில் தலைவர் நகர்ந்து உட்கார்ந்து, “வாய்யா, வா” என்று பக்கத்தில் தட்டிக்காட்டினார்.

“நான் உயரமுங்க” என்றார் பக்கிரிசாமி. “கடைசிலதான் நிக்கணும்.” எல்லாரையும் தாண்டி, தண்ணீருக்குள் மெல்ல நடந்து, உட்கார இடமில்லாமல் பின்சுவரோரம் நின்ற உயரமான ஆள்களுக்கு நடுவில், காலனியைச் சேர்ந்த கதிர்வேலு என்கிற கொத்தனார் பக்கத்தில் போய் நின்றார். கதிர்வேலு அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. கொஞ்சம் தள்ளி நின்று இடம் கொடுத்துவிட்டு, கரும்பலகையில் எழுதியிருந்ததைத் தாழ்ந்த குரலில் படிக்கத் தொடங்கினார்.

புரட்டாசியில்தான் மேட்டூரைத் திறந்தார்கள். திறந்த தண்ணீர் நிதானமாக எல்லா ஊரையும் நனைத்துக்கொண்டு வந்து, ஒரு நாள் முற்பகலில் தாழம்புலத்து வாய்க்காலுக்கு வந்தது. யாரோ தெருவில் “தண்ணி வந்துருச்சு!” என்று கத்தியதுதான் தாமதம், மூணாப்பில் உட்கார்ந்திருந்த பெரியவர்கள் அத்தனை பேரும் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மண்வெட்டி தேட ஓடிவிட்டார்கள். ஆற்றை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. விதை நெல்லைப் பற்றி, நாற்றங்காலைப் பற்றிப் பேச்சு வாசலைத் தாண்டித் தெருவில் போய்க் கரைந்தது.

பிள்ளைகள் டீச்சரைப் பார்த்தார்கள்.

“நாமளும் போலாமா டீச்சர்?”

“நம்ம ஆறு இங்க இருக்கே” என்றாள் டீச்சர்.

“அது இருக்கும். அதப் போய்ப் பாத்துட்டு வந்துருவோம்” என்றாள் ஜமீலா. டீச்சர் தலையை ஆட்டினாள். சப்பரங்களைத் தூக்கிக்கொண்டு, பாட்டைக் கத்திக்கொண்டு அவர்கள் ஓடினார்கள்.

இத்தனை நாள் அவள் ஆசைப்பட்டதுபோல ஆறு அவளுக்கு மட்டும் ஆனது. புடவையைச் செருகிக்கொண்டு நடுவில் போய் நின்றாள். அதே வாசனை. அதே படிக்கட்டு. ஆனால் முந்திப்போய்த் திரும்பிப் பார்த்துச் சிரிக்க ஒருவரும் இல்லை. தண்ணீர் அவள் காலைச் சுற்றிக்கொண்டு, அவசரமில்லாமல், அவள் என்ன செய்யப்போகிறாள் என்று கேட்பதுபோலப் போய்க்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கரையேறி, கதவைப் பூட்டாமல், ஈரக் காலோடு பிள்ளைகள் போன வழியில் நடந்தாள். முதலில் நடந்தாள், தெரு திரும்பியதும் ஓடினாள். அன்றைக்கு ராத்திரி நாக்பூருக்குப் போன் செய்து, அக்காவிடம் ஒரு மணி நேரம் பேசினாள் என்று வைத்திலிங்கம் பிற்பாடு சொல்வார். மறுநாள் காலையில் மூணாப்புத் தரை காய்ந்து, வெறும் சிமெண்டாகக் கிடந்தது. அஞ்சம்மாள் மட்டும் சாம்பார் அண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்து, பார்த்து, “சரிதான்” என்று சொல்லிவிட்டுப் பம்படிக்குப் போனாள்.

ஆனால் வாய்க்காலில் தண்ணீர் வந்த அன்றைக்கு, கரையில், பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டிருந்தார்கள். சப்பரங்கள் எல்லாம் தண்ணீரில் போய், வளைவு தாண்டி மறைந்திருந்தன. டீச்சர் மூச்சு வாங்க அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்தாள். இந்த ஆறு பெரிது, குளிர்ச்சியாக இருந்தது, இதற்குப் பின்சுவர் கிடையாது.

“டீச்சர், இது எங்க முடியுது?” என்றாள் வேம்பு.

“அதோ, உப்பளம் தாண்டி. கடல்ல.”

“மேட்டூர்லேருந்து வர்ற தண்ணி பூராவுமா?”

“எல்லா ஊருக்கும் கொடுத்தது போக மிச்சம்.”

வேம்பு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அப்ப, எல்லார்கிட்டயும் சொல்லிட்டு, கடைசியா நம்மகிட்டதான் சொல்லிட்டுப் போவுதா டீச்சர்?”

 மங்கை டீச்சர் ஆமாம் என்று தலையை ஆட்டினாள். வேம்பு அதைப் பக்கத்தில் இருந்த இளஞ்சேரனிடம் சொன்னாள், அவன் ஜமீலாவிடம் சொன்னான், அது அப்படியே வரிசையின் கடைசி வரைக்கும் போனது. பிறகு எல்லாரும் ஒன்றாகக் கையைத் தூக்கி, சிவந்து நுரைத்துப் போய்க்கொண்டிருந்த தண்ணீரைப் பார்த்து, வீட்டுக்கு வந்துவிட்டுக் கிளம்புகிற விருந்தாளிக்குச் சொல்வதுபோல, போயிட்டு வா, போயிட்டு வா என்று கத்தத் தொடங்கினார்கள்.